மீன் குழம்புச் சட்டி பொய் சொல்லாது: 4,000 வருஷத்துக்கு முந்தைய சாப்பாட்டைக் கண்டுபிடிப்பது எப்படி?

மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூர் போகும் மலைப்பாதையில், கல்லாறு தாண்டி கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் பர்லியார் வரும். வண்டியை நிறுத்தினால் டீக்கடைக்கு முன்னாடி கண்ணில் படுவது பழக்கடைகள்தான். சீசன் நேரத்தில் மங்குஸ்தான், துரியன், ரம்புட்டான் என்று குவித்து வைத்திருப்பார்கள். பக்கத்திலேயே 1871-ல் தொடங்கப்பட்ட அரசு தோட்டக்கலைப் பண்ணை. அங்கே ஜாதிக்காய், கிராம்பு, பட்டை, மிளகு எல்லாம் வளர்கின்றன.

அந்தப் பட்டையில் ஒரு துண்டை ஒடித்து மூக்கருகே கொண்டு போனால் வரும் வாசனைக்குக் காரணம், சின்னமால்டிஹைடு என்ற வேதிப்பொருள். நம் வீட்டுப் பிரியாணியில் மணப்பதும் அதுதான்.

இதே சின்னமால்டிஹைடு, சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முந்தைய மண்குடுவைகளிலும் கிடைத்திருக்கிறது. அதுவும் இந்தியாவில் இல்லை, இஸ்ரேலில். பட்டை மரமே வளராத ஊர் அது. அப்படியென்றால் அந்தக் குடுவைக்குள் பட்டை எப்படிப் போனது?

கல்வெட்டு இல்லை, ஓலைச்சுவடி இல்லை, சமையல் குறிப்பு இல்லை. ஆனாலும் அன்றைக்கு மக்கள் என்ன சாப்பிட்டார்கள், என்ன குடித்தார்கள் என்று இன்றைக்குச் சொல்ல முடிகிறது. எப்படி? எளிமையாகப் பார்ப்போம்.

சட்டிக்குள் ஒளிந்திருக்கும் கொழுப்பு

மீன் குழம்பு வைக்கும் மண்சட்டியில் நம் வீடுகளில் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள். எத்தனை தடவை தேய்த்துக் கழுவினாலும் சட்டியில் மீன் வாசனை போகாது. பாட்டிமார்களுக்கு இது அனுபவ அறிவு. ஆய்வாளர்களுக்கு இதுதான் அடிப்படையே.

மெருகு பூசாத மண்பானையின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் லட்சக்கணக்கில் இருக்கும். சமைக்கும்போது உருகும் எண்ணெய், இறைச்சிக் கொழுப்பு, பால் கொழுப்பு எல்லாம் அந்தத் துளைகளுக்குள் ஊறிப் போய் உட்கார்ந்துகொள்ளும். கொழுப்பு தண்ணீரில் கரையாது. அதனால் பானை உடைந்து, மண்ணுக்குள் புதைந்து, ஆயிரக்கணக்கான மழைக்காலம் கடந்த பிறகும் அதில் ஒரு பகுதி அப்படியே தங்கிவிடும்.

ஆய்வுக்கூடத்தில் நடப்பது இதுதான். பானை ஓட்டின் மேற்பரப்பைச் சுரண்டி நீக்கிவிட்டு, உட்பகுதியில் இருந்து ஓரிரு கிராம் பொடி எடுக்கிறார்கள். அதில் கரைப்பான் ஊற்றிக் கொழுப்பைப் பிரிக்கிறார்கள். பிறகு கேஸ் குரோமடோகிராபி - மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி என்ற கருவிக்குள் அனுப்புகிறார்கள். முதல் பாதி, கலந்து கிடக்கும் வேதிப்பொருட்களைத் தனித்தனியாகப் பிரிக்கும். இரண்டாவது பாதி, ஒவ்வொன்றின் எடையையும் அது உடையும் விதத்தையும் பார்த்து 'இது இன்னார்' என்று அடையாளம் காட்டும். வேதிப்பொருளுக்கு எடுக்கும் கைரேகை மாதிரி.

எதை எதைத் தேடுகிறார்கள்?

• பானை ஓடு: கொழுப்பு, தேன்மெழுகு, வாசனைப் பொருட்களின் தடயம்.

• பல் காரை: பல்லில் படிந்து கல் மாதிரி இறுகிப்போன அழுக்கு. அதற்குள் உணவின் புரதமும் மாவுச்சத்துத் துகளும் சிக்கியிருக்கும். இன்றைக்கு டென்டிஸ்ட் சுரண்டி எறிவது, ஆய்வாளருக்குப் பொக்கிஷம்.

• எலும்பும் பல் எனாமலும்: ஒருவர் வருஷக்கணக்கில் என்ன மாதிரியான உணவைச் சாப்பிட்டார் என்ற பதிவு.

• அம்மி, அரைகல்: கல்லின் குழிகளில் மாட்டிக்கொண்ட மஞ்சள், இஞ்சியின் மாவுத்துகள்கள்.

சிந்து சமவெளியில் என்ன சமைத்தார்கள்?

இந்தியாவில் இந்த முறை பெரிய அளவில் பேசப்பட்டது 2020-ல். ஹரியானாவின் ராக்கிகடி, ஃபர்மானா உள்ளிட்ட சிந்து சமவெளி நாகரிக ஊர்களில் கிடைத்த 172 பானை ஓடுகளை, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த அக்ஷயேதா சூர்யநாராயண் குழுவினர் பரிசோதித்தார்கள். பல ஓடுகளில் விலங்குக் கொழுப்பின் தடயம் இருந்தது. பன்றி, மாடு அல்லது எருமை, ஆடு ஆகியவற்றின் இறைச்சியோடு பால் பொருட்களும் அந்தப் பானைகளில் பயன்பட்டிருக்கின்றன என்றது ஆய்வு.

அதே 2020-ல் குஜராத்தின் கட்ச் பகுதியில் உள்ள கோட்டடா பாட்லி என்ற இடத்தில் கிடைத்த 59 பானை ஓடுகள் பற்றி இன்னொரு ஆய்வு வந்தது. கல்யாண் சேகர் சக்ரவர்த்தி குழுவினர் நடத்திய அந்த ஆய்வு, சுமார் கி.மு. 2500-லேயே அங்கே பாலைப் பதப்படுத்தியிருக்கிறார்கள் என்று காட்டியது.

இறைச்சிக் கொழுப்பு வேறு, பால் கொழுப்பு வேறு என்று எப்படித் தெரியும்? இரண்டிலும் பால்மிடிக், ஸ்டியரிக் என்ற அதே இரண்டு கொழுப்பு அமிலங்கள்தான் இருக்கும். ஆனால் பசு தன் உடம்பில் கொழுப்பைச் சேர்க்கும் வழியும், மடியில் பாலாக மாற்றும் வழியும் ஒன்றல்ல. அதனால் அந்த அமிலங்களில் இருக்கும் கனமான கார்பனின் அளவு கொஞ்சம் மாறும். அந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்துத்தான் 'இது கறிச்சட்டி', 'இது பால் பானை' என்று பிரிக்கிறார்கள்.

மஞ்சள், இஞ்சி போட்ட பழைய குழம்பு

ஃபர்மானாவில் இன்னொரு ஆச்சரியமும் கிடைத்தது. வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அருணிமா காஷ்யப், ஸ்டீவ் வெபர் இருவரும் அங்கே கிடைத்த பானைகளையும் மனிதப் பற்களையும் ஆராய்ந்து, மஞ்சள், இஞ்சியின் மாவுத்துகள்களை அடையாளம் கண்டார்கள். 2010-ல் வெளியான அந்த ஆய்வுக்குப் பிறகுதான் '4,000 வருஷத்துக்கு முந்தைய குழம்பு' என்ற பேச்சு உலகம் முழுக்கப் பரவியது.

மஞ்சள் இந்தியாவோடு நிற்கவில்லை. இஸ்ரேலின் மெகிடோவில் 3,500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒருவரின் பல் காரையில் மஞ்சளின் புரதமும் சோயாவின் புரதமும் கிடைத்தன. டெல் எரானி என்ற இடத்தில் புதைக்கப்பட்ட இன்னொருவரின் பல்லில் வாழைப்பழம். ஜெர்மனியின் மியூனிக் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிலிப் ஸ்டாக்ஹாமர் குழுவினர் 2020 டிசம்பரில் இதை வெளியிட்டார்கள். மொத்தம் 16 பேரின் பற்களைப் பார்த்ததிலேயே இவ்வளவு சங்கதி.

வியட்நாமின் ஓக் இயோ என்ற பழைய துறைமுக நகரத்தில் 76 சென்டிமீட்டர் நீளமுள்ள ஓர் அம்மிக்கல் கிடைத்தது. நம் வீட்டு அம்மியைப் பார்த்தவர்களுக்கு அது புதுசாகவே தெரியாது. அங்கே கிடைத்த அரைக்கும் கற்களில் மஞ்சள், இஞ்சி, கிராம்பு, ஜாதிக்காய், பட்டை உட்பட எட்டு மசாலாப் பொருட்களின் தடயங்கள் இருந்தன. 2023-ல் வெளியான இந்த ஆய்வு சொல்லும் காலம், ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன். அதே இடத்தில் தோண்டி எடுத்த ஜாதிக்காய் விதை ஒன்றில் அப்போதும் வாசனை மிச்சம் இருந்ததாம்!

பர்லியார் பண்ணையில் வளரும் ஜாதிக்காயும் கிராம்பும் இந்த மலையின் சொந்தப் பயிர்கள் இல்லை. இரண்டும் இந்தோனேசியத் தீவுகளைத் தாயகமாகக் கொண்டவை. பிரிட்டிஷ் காலத்தில் இந்த மலைச்சரிவில் நட்டுப் பார்த்தார்கள், பிடித்துக்கொண்டது. ஆனால் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்த வாசனைகள் கப்பலேறிக் கடல் தாண்டிவிட்டன என்பதற்கு ஓக் இயோ கல் சாட்சி.

எதிர்த்திசையிலும் சாட்சி இருக்கிறது. எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரெனிகேவில், கோயில் தரையில் புதைத்திருந்த ஒரு ஜாடிக்குள் ஏழரை கிலோ மிளகு கிடைத்தது. ஜாடியும் இந்தியாவில் செய்தது, மிளகும் இங்கிருந்து போனது. காலம் கி.பி. முதல் நூற்றாண்டு.

டீயைக் காட்டிக்கொடுத்த இரண்டு பொருட்கள்

நீலகிரி என்றால் டீ இல்லாமல் முடியுமா? சீனாவில் ஹான் வம்சப் பேரரசர் ஜிங் இறந்தது கி.மு. 141-ல். அவருடைய கல்லறை வளாகத்தில் மக்கிப்போன இலைகள் கட்டியாகக் கிடைத்தன. பார்த்தால் என்ன இலை என்றே தெரியாது. சோதித்தபோது கஃபீன், தியானின் இரண்டும் சேர்ந்து இருந்தன.

கஃபீன் காபியிலும் இருக்கும். ஆனால் தியானின் தேயிலையின் அடையாளம். இரண்டும் ஒன்றாக இருந்தால் அது தேயிலை. 2016-ல் வெளியான இந்த ஆய்வு, 2,100 ஆண்டுகளுக்கு முன் சீன அரச குடும்பம் தேயிலையைப் பயன்படுத்தியதைக் காட்டியது. ஒரே ஒரு தடயத்தை நம்பாமல், ஒன்றுக்கு இரண்டாகப் பார்ப்பது ஏன் முக்கியம் என்பதற்கும் இது நல்ல உதாரணம்.

அரிசிச் சோறா, ராகிக் களியா? எலும்பு சொல்லும்

இது நம்ம ஊருக்கு ரொம்பப் பொருந்தும் விஷயம். நெல், கோதுமை, பருப்பு, காய்கறிகள், காட்டுக் கிழங்குகள் எல்லாம் ஒரு விதமாக ஒளிச்சேர்க்கை செய்கின்றன. இவற்றை சி-3 தாவரங்கள் என்பார்கள். ராகி, கம்பு, சோளம், சாமை, தினை எல்லாம் வேறு விதம். இவை சி-4 தாவரங்கள். சி-4 தாவரங்களில் கார்பன்-13 என்ற கனமான கார்பன் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.

நாம் சாப்பிடும் உணவில் இருக்கும் கார்பன்தான் நம் எலும்பிலும் பல்லிலும் சேர்கிறது. எனவே ஒருவரின் பல்லில் கார்பன்-13 எவ்வளவு இருக்கிறது என்று அளந்தால், அவர் வளர்ந்தது அரிசிச் சோற்றிலா, ராகிக் களியிலா என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

நைட்ரஜனும் கதை சொல்லும். செடியைத் தின்னும் விலங்கு, அந்த விலங்கைத் தின்னும் மனிதர் என்று உணவுச் சங்கிலியில் ஒவ்வொரு படி ஏறும்போதும் நைட்ரஜன்-15 கூடும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் உடம்பில் அம்மாவைவிட ஒரு படி அதிகமாக இருக்கும். பால் மறந்ததும் குறையும். ஆக, பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் தன் குழந்தைக்கு எந்த வயது வரை பால் கொடுத்தாள் என்பதைக்கூடக் கணிக்க முடிகிறது. எந்த ராஜாவும் இதைக் கல்வெட்டில் வெட்டி வைக்கவில்லை.

சூடும் ஈரமும் அதிகமான நம் பகுதிகளில் எலும்பில் உள்ள புரதம் சீக்கிரம் அழிந்துவிடும். அதனால் பல் எனாமல்தான் கைகொடுக்கும். இலங்கையில் அப்படித்தான் நடந்தது. பாஹியன் குகை, பட்டதொம்ப குகை போன்ற இடங்களில் கிடைத்த 26 மனிதர்களின் பற்களை பேட்ரிக் ராபர்ட்ஸ் குழுவினர் ஆராய்ந்து 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அந்த மக்கள் மழைக்காட்டில் கிடைத்ததைச் சாப்பிட்டே வாழ்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. 'அடர்ந்த மழைக்காட்டில் விவசாயம் இல்லாமல் மனிதர்கள் நிலைத்து வாழ முடியாது' என்ற பழைய எண்ணத்துக்கு அது பலத்த அடி.

தமிழ்நாட்டில் என்ன கிடைத்திருக்கிறது?

பழனி அருகே பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் நடத்திய அகழாய்வில், ஈமக்குழியில் வைத்திருந்த ஜாடிக்குள் நெல் கிடைத்தது. அதன் காலம் சுமார் கி.மு. 490 என்று கணிக்கப்பட்டது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல், கி.மு. 1155 அளவுக்குப் பழமையானது என்று 2021-ல் தமிழக அரசு அறிவித்தது. இரண்டுமே நெல்லில் இருக்கும் கார்பன்-14 எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்துச் சொன்ன கணக்கு.

கீழடிப் பானைகளின் உட்புறக் கறுப்புப் பூச்சை வேலூர் விஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்து, அதில் கார்பன் நானோ குழாய்கள் இருப்பதாக 2020-ல் வெளியிட்டார்கள். பானையைச் சுடும்போது தாவரச் சாறு மாதிரி ஏதாவது பூசியிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. அதாவது பானைக்குள் என்ன இருந்தது என்பது மட்டும் இல்லை, பானையை எப்படிச் செய்தார்கள் என்பதையும் வேதியியல் பேசும்.

நீலகிரியின் எருமை மூடிப் பானைகள்

இப்போது மறுபடி மலைக்கு வருவோம். நீலகிரியின் உச்சிகளில் பழங்காலக் கல்வட்டங்கள், ஈமச்சின்னங்கள் நிறைய உண்டு. மாவட்டத்தின் முதல் கமிஷனர் ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் இவற்றில் பலவற்றைத் திறந்து பார்த்தார். ஊட்டி பிரீக்ஸ் பள்ளி இவர் பெயரில் அமைந்ததுதான். அவர் இறந்த பிறகு, 1873-ல் அவருடைய நூல் வெளிவந்தது. இந்த மலையில் கிடைத்த பானைகளும் வெண்கலக் கிண்ணங்களும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்திலும் இருக்கின்றன.

அந்தப் பானைகளின் தனி அழகு, மூடிகள். மூடியின் தலையில் மண்ணால் செய்த விலங்கு உருவங்கள் நிற்கும். எருமைகள் அதிகம்.

எருமை என்றதும் நீலகிரியில் யாருக்கும் தோடர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். அவர்களுக்கு எருமையும் அதன் பாலும் புனிதம், பால்மனைதான் கோயில். ஆனால் அந்தக் கல்வட்டங்களைக் கட்டியவர்கள் இன்றைய மலைவாழ் மக்களின் முன்னோர்தானா என்ற விவாதம் பிரீக்ஸ் காலத்தில் இருந்தே நடக்கிறது. உருவத்தை மட்டும் வைத்து அதை முடிக்க முடியாது. வேதித் தடயம் உதவக்கூடிய இடம் இதுதான். பானைச் சுவரில் பால் கொழுப்பு ஊறியிருக்கிறதா, இறைச்சிக் கொழுப்பா, அல்லது குறும்பர்கள் பாறையில் இறங்கி எடுக்கும் தேனின் மெழுகா? தேன்மெழுகு சுலபத்தில் அழியாது. பல ஆயிரம் ஆண்டு பழைய பானைகளில்கூட அது தெளிவாகத் தெரியும்.

பால் கொழுப்பு கிடைத்தால் மட்டும் 'இவர்கள்தான் முன்னோர்' என்று நிரூபணம் ஆகிவிடாது. ஆனால் இந்த மலையில் மேய்ச்சல் வாழ்க்கை எவ்வளவு பழையது என்ற கேள்விக்கு அது நேரடி ஆதாரம் ஆகும். காடு, மேய்ச்சல் உரிமை என்று இன்றும் பேசிக்கொண்டிருக்கும் மக்களுக்கு, அது வெறும் மியூசியம் சமாச்சாரம் இல்லை.

இதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. மூன்று எச்சரிக்கைகள் முக்கியம்.

ஒன்று, பானை கடைசியாகச் சமைத்ததை மட்டும் சொல்வதில்லை. அமெரிக்காவில் ஆய்வாளர்கள் மண்சட்டிகளில் ஒரு வருஷம் ஒரே மாதிரி உணவைச் சமைத்து, கடைசியில் மட்டும் உணவை மாற்றிப் பார்த்தார்கள். அடியில் கருகிப் பிடித்தது கடைசிச் சமையலைக் காட்டியது. சுவருக்குள் ஊறிய கொழுப்போ பல மாதச் சமையலின் கலவையாக இருந்தது. 2020-ல் வெளியான இந்தப் பரிசோதனையின் பாடம்: எந்தப் பகுதியில் இருந்து மாதிரி எடுத்தோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

இரண்டு, கொழுப்பு அதிகம் உள்ள உணவுதான் நன்றாகப் பதியும். கீரையும் கஞ்சியும் பெரும்பாலும் தடயமே விடாது. எனவே பானையில் இறைச்சித் தடயம் இருப்பதால் 'தினமும் கறிதான் சாப்பிட்டார்கள்' என்றோ, இல்லாததால் 'சுத்த சைவம்' என்றோ அடித்துச் சொல்ல முடியாது. சோஷியல் மீடியாவில் இரண்டு பக்கமும் நடக்கும் தவறு இதுதான். ஆய்வு சொல்வது அந்தப் பானையைப் பற்றி. ஒரு நாகரிகத்தின் மொத்த மெனு கார்டு அல்ல.

மூன்று, கலப்படம். வெறும் கையால் தொட்டால் நம் தோலின் எண்ணெய் ஏறும். பிளாஸ்டிக் கவரில் போட்டால் பிளாஸ்டிக்கில் இருக்கும் ரசாயனம் ஏறும். உடைந்த பானையை ஒட்டிய பசையும் கணக்கில் வந்துவிடும். 150 வருஷமாகப் பல கைகள் மாறிய மியூசியம் பானையைவிட, நேற்று மண்ணில் இருந்து எடுத்த ஓடு ஆய்வுக்கு மேல் என்பது இதனால்தான்.

இன்னொன்றும் உண்டு. சோதனைக்கு எடுக்கும் பொடி திரும்ப வராது. பல்லும் எலும்பும் என்றால் அது ஒரு மனிதருடையது. எனவே எதற்காக எடுக்கிறோம், வேறு வழி இல்லையா என்று கேட்டுவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

தோட்டத்தில் பழைய பானை கிடைத்தால் என்ன செய்வது?

டீத் தோட்டத்தில் குழி வெட்டும்போதோ, வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போதோ பழைய பானை தட்டுப்பட்டால் முதலில் வேலையை நிறுத்துங்கள். வெளியே எடுக்க வேண்டாம். உள்ளே இருக்கும் மண்ணைக் கொட்ட வேண்டாம். தேய்த்துக் கழுவவே வேண்டாம். கழுவும் தண்ணீரோடு போவது அழுக்கு மட்டும் அல்ல, மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் மாவுத்துகளும் உணவுத்துணுக்கும்தான்.

இருந்த இடத்திலேயே போட்டோ எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ தகவல் சொல்லுங்கள். மண்ணுக்குள் கிடைக்கும் பழம்பொருளைப் பற்றி அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டமே சொல்கிறது. அங்கிருந்து தொல்லியல் துறைக்குத் தகவல் போகும்.

ராஜாக்கள் எந்தப் போரில் ஜெயித்தார்கள் என்று கல்வெட்டு சொல்லும். அடுப்படியில் நின்றவர் என்ன சமைத்தார், குழந்தைக்கு என்ன ஊட்டினார் என்று அது சொல்லாது. அதைச் சொல்ல உடைந்துபோன சட்டி ஓடுதான் இருக்கிறது, யாரும் கழுவாமல் விட்டால்.